சித்தர் தட்டினால் அடங்கும் சுவர்

பம்பாய் செம்பூர் ‘சப்தகிரி தர்ஷன்’ குடியிருப்பின் சுவர் முனகுகிறது என்ற செய்தி மாட்டுங்காவை எட்ட அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு மாதம் கழித்தும், இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே வாசலில் ரிக்‌ஷா நிற்க இடமில்லை. தாதரிலிருந்து பூக்கூடையோடு வந்தார்கள். சான்பாடாவிலிருந்து மூட்டுவலியோடு வந்தார்கள். சுவர் முனகினால் மூட்டுவலி எப்படிப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

கார் நிறுத்தத்துக்கு மேலுள்ள திறந்த தளத்தில், புலித்தோல் அச்சடித்த கம்பளி விரித்துச் சுவரொலிச் சித்தர் வீற்றிருந்தார். எதிரே சுவர். வெறும் சுவர் அல்ல, புதிதாகச் சுடுமண் பலகை போர்த்திய சுவர். பழைய சுவருக்கு வெளியே அலுமினியச் சட்டம் அடித்து, டெரகோட்டா பேனல்களைக் கிளிப்பில் மாட்டுவார்கள். நடுவே ஒரு சாண் காலியாக இருக்கும். அடிப்பக்கம் திறந்திருப்பதால் அதில் காற்று ஓடும், வீடு சூடாகாது. இதை மாட்டியவர் தாராவி தங்கசாமி. கூட்டத்தின் கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

கடிக்காமல் என்ன செய்வார்? பேனல் சுடுகாட்டு மண்ணாம். மாட்டியவன் ஒரு பெண்ணின் ஆவியை உள்ளே வைத்து மூடிவிட்டானாம். சித்தரின் கண்டுபிடிப்பு இது. அதைக் கேட்டு இரண்டு குடியிருப்புகள் தங்கசாமியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டன. பேனல்களை உடைத்தெறியவும், அவரை இனி எங்கும் சேர்க்காதபடி காண்ட்ராக்டருக்கு எழுதவும் இன்று தீர்மானம். கையெழுத்து விழுந்தால் பம்பாயில் அவர் தொடுவதற்கு ஒரு சுவர் மிஞ்சாது.

ஆவிக்குப் பரிகாரமும் உண்டு. மந்திரித்த சோளத்தைப் பேனலடியில் வைத்து, கண்ணை இறுக மூடி ஆயிரத்தெட்டு எண்ண வேண்டும். நடுவில் திறந்தால் பார்வை போய்விடும். எண்ணி முடித்துத் திறந்தால் சோளம் மாயம்! பக்தர்களுக்குப் புல்லரித்தது. என்ன, முதலில் ஒரு பேனல்தான் முனகியது, ஒரே மாதத்தில் மூன்று முனகின. “ஆவி தன் உறவினரை அழைத்து வந்துள்ளது” என்றார் சித்தர். சோளம் மூன்று மடங்கானது.

“ஊம்... ஊம்...”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தர் வெள்ளிப்பூண் தடியால் பேனலில் டக்கென்று தட்டினார். முனகல் நின்றது.

“பாத்தேளா, ஒரே தட்டுல அடங்கிடுத்து!” என்றார் குடியிருப்பின் செயலாளர் வேங்கடசுப்ரமணியன். கையில் தீர்மானம் தயாராக இருந்தது.

தங்கசாமி முன்னே வந்தார். “சார், நானும் ஒரு தட்டு தட்டிப் பாக்கேன்.”

“ரத்தம் கக்குவாய்!” என்று சித்தர் சீறினார்.

“கக்குனா நானே தொடச்சிருதேன் சாமி.”

மூன்றாம் மாடி அகிலாண்டம் மாமி பதறிப்போனார். “வேண்டாம்ப்பா. உனக்குக் கொழந்தை குட்டி இருக்கோல்லியோ?”

“இருக்கு மாமி. அதுகளுக்குச் சோறு போடணும்னுதான் தட்டுதேன்.”

சுவர் மறுபடி முனகும்வரை காத்திருந்தார். காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி ஒரு தட்டு தட்டினார். முனகல் நின்றது. வெள்ளிப்பூணுக்கு அடங்கிய ஆவி ரப்பர் செருப்புக்கும் அடங்கியது. ரத்தம் இருக்கட்டும், தங்கசாமிக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தருக்கு வேர்த்தது. “அபசாரம்! எல்லோரும் கண்ணை மூடுங்கள்!”

“மூடாதீங்க! இன்னைக்கு ஒரு நாள் தொறந்தே வச்சிருங்க. ரெண்டே நிமிசம்.” தங்கசாமி ஸ்க்ரூடிரைவரால் கிளிப்பை நெம்பி, பேனலைத் தூக்கிக் கீழே வைத்தார்.

உள்ளே ஒரு புறா. அடியில் சுள்ளிக் கூடு, இரண்டு முட்டை. கூட்டின் மெத்தைக்கு, சித்தர் மந்திரித்துக் கொடுத்த சிவப்புக் கயிறு ஏழெட்டு. சுற்றிலும் சோளம். புறா தலையைச் சாய்த்துச் செயலாளரைப் பார்த்து, “ஊம்...” என்றது.

புறா எச்சத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வாழ்ந்த கூட்டம் அது. ஆனாலும் அந்தக் குரல் சுவருக்குள்ளிருந்து வந்ததும் ஆவியாகிவிட்டது!

“அடியில கபூதர் வலை, புறா வலை போடணும்னு அன்னைக்கே சொன்னேன் சார். வெட்டிச் செலவுன்னீங்க” என்றார் தங்கசாமி. செயலாளர் வானத்தைப் பார்த்தார்.

“ஆவிதான் புறா வடிவில்...” என்று தொடங்கினார் சித்தர்.

“இது புறான்னு தெரியாமலா சாமி, சோளத்த வச்சு எல்லாரையும் கண்ண மூடச் சொன்னீரு?”

கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. கம்பளிதான் கிடந்தது. தடிச் சத்தம் படிக்கட்டில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. சான்பாடாக்காரர் ஒருவர் மூட்டுவலியை மறந்து பின்னாலேயே ஓடினார்.

வேங்கடசுப்ரமணியன் தீர்மானத்தை நாலாகக் கிழித்தார். “தப்பா நெனச்சுக்காதேப்பா. மத்த சொசைட்டிக்கெல்லாம் நானே போன் பண்ணிச் சொல்றேன்.” தங்கசாமி செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு மாதமாகத் தூங்காத மனுஷர்.

அதற்குள் அகிலாண்டம் மாமி கற்பூரத்தட்டோடு வந்துவிட்டார். “எதுக்கும் புறாவுக்கு ஒரு ஆரத்தி காட்டிடலாமே?”

தங்கசாமி தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“மாமி, குஞ்சு பறந்ததும் வந்து வலை கட்டிருதேன். சுவத்துக்குப் பின்னால ஒரு சாண் காலியா விடுதது வீடு சூடாகாம இருக்க. மண்டைக்குள்ளயும் அப்பிடி விட்டு வச்சீங்கன்னா, எவனாவது வந்து கூடு கட்டத்தான் செய்வான்.”