வால்வு செட்டுக்கு ஒரு பேஸ் பெட்டி

நாற்பத்தெட்டு வயதில் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தேன். என் வால்வு செட்டுக்கு ஒரு பேஸ் பெட்டி வாங்குவது.

தொண்ணூற்றாறில் முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டபோது, உழவு மெசின் இழுத்த பெட்டியில் ஒரேயொரு சாமானுக்குத்தான் இடம் மிஞ்சியிருந்தது. நான் வால்வு அம்ப்ளிபயரை ஏற்றினேன். மனைவி ஜோசப்பினின் ஆட்டுக்கல் கிணற்றடியிலேயே நின்றுவிட்டது. வவுனியாவுக்கு வந்து மூன்று வருடமாக, பக்கத்து வீட்டுக் கமலாட்சியின் ஆட்டுக்கல்லில்தான் எங்கள் உழுந்து அரைபடுகிறது. ஜோசப்பினின் தம்பி ஜேர்மனியிலிருந்து அனுப்பிய கிறைண்டர் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் கிடந்தது. குசினியில் பிளக் இல்லை. புதிதாகப் போட்டால் இந்த வீட்டு வயர் தாங்காது, எரிந்துபோகும் என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மையில், வயர்மனைத் தேடிப் போக எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல்.

என் செட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர். பாடுகிறவரின் குரல் பக்கத்தில் இருந்து பாடுவது போல வரும். தவில்தான் தகரம் தட்டுவது போலக் கேட்கும். மஹ்றூப் நானாவின் ரேடியோக் கடையில் கண்ட, முழக்கத்தை மட்டும் தனியாகத் தரும் பேஸ் பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அது தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு அம்ப்ளிபயர் வைத்திருக்கிறது. அதற்குத் தனிப் பிளக் வேண்டும். புதுப் பிளக்கை வயர் தாங்காது என்று வீட்டில் சொல்லி வைத்தவனும் நானே.

"அதின்ரை சத்தம் காதிலை கேக்காது, ஜோசப்பின். நெஞ்சிலை இடிக்கும். நிலம் அதிரும்."

அரிசி கொழித்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"நிலம் அதிருமோ?"

"ஓம்."

"அப்ப வாங்குங்கோவன்."

மூன்று நாளாக யோசித்து வைத்த நியாயங்கள் எல்லாம் வீணாய்ப் போயின.

"தனிப் பிளக் ஒண்டு வேணும்."

"வயர் தாங்குமோ?"

"தாராளமாத் தாங்கும். வயர்மன் சிவராசாவைக் கேட்டனான்."

"நல்லது. மூலையிலை வைச்சால் முழக்கம் கூட எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். குசினி வாசல் மூலையிலை பூட்டச் சொல்லுங்கோ. சின்னனா வாங்காதேங்கோ. இரண்டடி உயரமாவது வேணும்."

இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நெஞ்சு நிறைந்துபோய்ச் சைக்கிளை எடுத்தேன்.

சனிக்கிழமை காலை வயர்மன் சிவராசா வந்து பிளக்கைப் பூட்டிவிட்டுப் போனார். மத்தியானம் நான் வேலையைத் தொடங்கினேன். வால்வு செட்டில் பேஸ் பெட்டிக்கென்று தனி இடம் இல்லை. ஸ்பீக்கர் வயர் பூட்டுகிற ஆணிகளிலேயே இன்னொரு சோடி வயரைப் பூட்டினேன். தவில் கசெற்றைப் போட்டேன். ஜோசப்பின் கதிரையில் இருந்து கேட்டாள். நான் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து குமிழைத் திருகினேன்.

"இப்ப எப்பிடி?"

"காணாது."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ."

கூட்டினேன். தும். நிலம் அதிர்ந்தது. தும், தும். யன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது.

"ஷெல்லடிக்கிறாங்கள், பங்கருக்கை ஓடுங்கோ" என்று வேலிக்கு அப்பால் கமலாட்சி கத்தினாள்.

நானும் ஓடினேன். இடம்பெயர்ந்த கால்கள், என்னைக் கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வெட்டிய பங்கருக்குள் குதித்த பிறகுதான், குமிழைத் திருகியவன் நானே என்பது நினைவுக்கு வந்தது.

உள்ளே கமலாட்சியும் அவள் புருசன் வீரபாகுவும் பாய் விரித்து இருந்தார்கள். நடுவில் சிவப்புப் பூப்போட்ட பிளாஸ்க். ஓடிவந்த அவசரத்திலும் தேத்தண்ணியை மறக்காத சனம் என்று வியந்தேன்.

"அது ஷெல் இல்லை. என்ரை பேஸ் பெட்டி."

"அண்ணை, இவர் பிறஷர் மனுசன்" என்றாள் கமலாட்சி. வீரபாகு நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடினார்.

எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஷெல்லுக்குப் பயந்து ஊரை விட்டு வந்த சனத்தை நானே திரும்ப ஓட வைத்துவிட்டேன். இனி அந்தப் பெட்டிக்குக் கரண்ட் குடுக்கமாட்டேன் என்று அந்த இடத்திலேயே சத்தியம் பண்ணினேன். வீரபாகுவுக்கு உடனே சுகமாகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தேன். தவில் நின்றிருந்தது. வேறொரு இரைச்சல் கேட்டது. பேஸ் பெட்டி குசினிக்குள் போயிருந்தது. அதன் தலையில் ஜேர்மனிக் கிறைண்டர். வயர் நேராகப் புதுப் பிளக்குக்கு. பக்கத்தில் ஜோசப்பின் கதிரை போட்டு இருந்தாள்.

"இருந்துகொண்டு அரைக்க உயரம் சரியா இருக்கு" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். உழுந்து வெண்ணெயாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. உழுந்து ஊற நாலு மணித்தியாலமாவது வேண்டும். நான் பெட்டியைப் போட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

"உந்த உழுந்தை எப்ப ஊறப் போட்டனீர்?"

"சிவராசா பிளக் பூட்ட வந்த நேரம்." கிறைண்டரை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இஞ்சருங்கோ, கமலாட்சியிட்டைக் குடுத்துவிட்ட எங்கடை பிளாஸ்க் பங்கருக்கை கிடக்கு. ஒருக்கா எடுத்துக்கொண்டு வாங்கோ."