மூன்று முறைகளும் ஒரு பாட்டில் தண்ணீரும்

முறைதேடிகள் என்றொரு இனம் உண்டு. சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களையும் என்னையும்விட அதிகம் உழைப்பார்கள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று யோசிப்பதிலேயே இடுப்பொடிந்துவிடும்.

நம்மவர் மண், நீர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். கூட இருப்பவர்கள் வைத்த பெயர் தராசு. ஒருநாள் அவருடைய அக்கா ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு வந்து நின்றாள். தண்ணீரில் நைட்ரேட் அதிகமாம். பக்கத்து வயலின் யூரியாதான் காரணம் என்கிறாள் அக்கா. உன் வீட்டுக் கழிப்பறைத் தொட்டி கசிகிறது என்கிறார் வயல்காரர். பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

தராசுக்கு முகம் மலர்ந்தது. நைட்ரேட்டுக்குள் இருக்கும் நைட்ரஜனில் லேசானது, கனமானது என்று இரண்டு உண்டு. கழிவிலிருந்து வந்ததில் கனமானது தூக்கலாக இருக்கும். அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அப்ப அளந்து சொல்லேன்டா."

"அவசரப்படாதக்கா. எந்த முறையில அளக்குறதுன்னு முதல்ல பாக்கணும்."

பார்த்தார். பாக்டீரியாவிடம் கொடுத்து நைட்ரேட்டை வாயுவாக்கினால் கொஞ்சம் தண்ணீர் போதும், ஆனால் பாக்டீரியாவைச் சீராட்டி வளர்க்க வேண்டும். ரசாயனம் போட்டால் வளர்க்கும் தொல்லை இல்லை, ஆனால் அந்த ரசாயனம் விஷம். வெள்ளியோடு சேர்த்து உப்பாக்கி எரிப்பது பழகிய வழி, ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் கேட்கும். வண்ணம் தீட்டி அட்டவணை போட்டார், எல்லாருக்கும் அனுப்பினார், அவர்கள் சொன்ன கருத்துகளை ஒப்பிட இன்னொரு அட்டவணை போட்டார். பாட்டில்? மேசைமேல், ஜன்னல் வெயிலில்.

"அதை ஃப்ரீசர்லயாவது தூக்கி வையுங்க சார்," என்றார் எதிர்மேசைக்காரர்.

"வடிகட்டி வைக்கிறதா, வடிகட்டாம வைக்கிறதா? அதுலயே ரெண்டு கட்சி இருக்கு."

அக்கா போன் செய்து ஓய்ந்த பிறகு, ஒருவழியாகப் பாக்டீரியா முறை வென்றது. அளந்தார். கனமானது எக்கச்சக்கம்.

"உன் தொட்டிதான்க்கா. சந்தேகமே இல்ல."

அக்கா தொட்டிக்கு மேலிருந்த பின்பக்கத் தளத்தை உடைத்தாள். தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சுற்றிலும் காய்ந்த மண்.

அப்போதுதான் தராசுக்குப் பொறிதட்டியது. பாட்டிலுக்குள் இருந்த நுண்ணுயிர்கள் அட்டவணை போடவில்லை. வந்த அன்றே பந்தியில் உட்கார்ந்துவிட்டன. லேசான நைட்ரஜனை முதலில் தின்று, கனமானதை ஒதுக்கி வைத்தன. யூரியா சத்தமில்லாமல் கழிப்பறை வேஷம் கட்டிக்கொண்டது.

"தளம் போனா போகட்டும்," என்றாள் அக்கா. "நீ சொன்னேன்னு அந்தாளு வீட்டு வாசல்ல போய் நின்னு மன்னிப்பு கேட்டேன்டா. அதை எப்படித் திரும்ப வாங்குறது?"

தராசு தொண்டையைச் செருமினார். "அதுக்கு மூணு வழி இருக்குக்கா."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. யாரோ நம்பிக் கொடுத்த ஒன்று உங்கள் மேசையிலும் இருக்குமே. கொடுத்தபோது இருந்த மாதிரியேதான் இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா?