ஐஸ் பெட்டிக்குள் இறங்கிய கேமரா

கருங்கடல் நாற்புறமும் காவல் நிற்கும் தீவகத்தில், மரைன் ஹில் மேட்டை ஆளும் மாவீரனே, ஒற்றை ஷட்டர் ஒலியில் ஓராயிரம் மணப்பெண்களை அசையாச் சிலையாக்கிய புகைப்படக் கொற்றவனே, ஜஸ்டினே, வாழ்க நின் குலம்! வாழ்க நின் முக்காலி ஸ்டாண்டு!

நிழற்படம் ஒன்றுக்கே தவமிருந்து, வீடியோவை வேண்டாத விருந்தாளியாக வாசலில் நிறுத்திவைக்கும் ஒரு கேமரா கம்பெனிக்கு நெடுங்காலமாக அடிமை பூண்டவன் அவன். புது மாடல் வரும்போதெல்லாம், "இந்தத் தடவை வீடியோல பின்னிருவான் பாரு" என்று முழங்குவான். கம்பெனியோ தோள்வாரின் நிறத்தை மட்டும் மாற்றும்.

இம்முறை அக்காள் மகள் பிரிஸ்கில்லாவுக்குக் கல்யாணம். கப்பலில் என்ஜின் வேலை பார்க்கும் தகப்பன் சின்னப்பன், விடுப்புக் கிடைக்காமல் மெயின்லேண்டில் மாட்டிக்கொண்டார். "அழாதிய மச்சான், பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி வீடியோ அனுப்புறேன்" என்று வீரன் போனில் சத்தியம் செய்துவிட்டான்.

கோவில் மணி ஒலித்தது. வெண்பட்டு உடுத்த பிரிஸ்கில்லா நடந்துவந்தாள். அந்தோ! அவளை நோக்கி ஏவிய ஃபோகஸ், மதங்கொண்ட களிறெனத் திமிறி, மெழுகுவர்த்தியைத் தழுவி, மின்விசிறியை வலம்வந்து, பாதிரியாரின் காதுமடலில் பாசறை அமைத்தது. கெஞ்சிக் கூத்தாடி அதை மீட்பதற்குள், திரையில் வெப்பக்குறி போர்முரசாய்த் துடிக்க, சூடு தாளாமல் கேமரா கண்ணை மூடியது.

"போட்டோ கேமராட்டப் போயி வீடியோ கேக்கியளே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்றாள் முன்வரிசையிலிருந்த மனைவி சிசிலியா.

"சுப் ரஹோ, வாய மூடு! தாலி கட்ட இன்னும் நேரமிருக்கு" என்று கிசுகிசுப்பாகவே கர்ஜித்தான் வீரன்.

கோவிலின் பின்புறம், விருந்துக்கான வஞ்சிர மீன்கள் துயிலும் ஐஸ் பெட்டி. அந்தப் பனிக்குகைக்குள் கொதிக்கும் கேமராவைச் செருகி, குளிர்ந்ததும் உறைவாளென உருவி, காற்றைக் கிழித்துக்கொண்டு மீண்டான். தாலி கழுத்தேறும் திருக்கணத்தில் கேமரா விழித்தது. தீவின் ஈரக்காற்றோ குளிர்ந்த லென்ஸைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டது. வெண்முகில்மேல் வெண்முகில் படர, மணமகன் இல்லை, மணமகள் இல்லை, தாலி இல்லை, தரணியே இல்லை. துடைக்கத் துடைக்கப் பெருகிய அம்மூட்டத்தைத் தன் கண்ணீரென்றே நம்பி, மீன்வாடை சூழ விடாது படமெடுத்தான் தாய்மாமன்.

ஏழு கடல்களே, செவிமடுப்பீர்! கொடுத்த வாக்கு நின்றதா? மகளின் கழுத்தில் தாலி ஏறிய கோலத்தைத் தந்தையின் கண்கள் கண்டனவா?

பார்த்தார், சிசிலியா போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.