பத்தொன்பது இறால்களும் ஒரு மைத்துனனும்

எண்ணத் தெரிந்தவனை இந்த உலகம் மன்னிப்பதே இல்லை. சபையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணினால், பிரசங்கத்தைக் கவனிக்கவில்லை என்கிறார்கள். கொடியில் காயும் துணியை எண்ணினால் அற்பன் என்கிறார்கள். எண்ணாதவர்கள் செய்யும் குளறுபடிகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இறால் விஷயத்தில் என் தரப்பைச் சொல்ல இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் என்னை விட்டதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் பசுமலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆரப்பாளையத்தில் வாடகை வீடு. வீட்டில் நான், என் மனைவி எஸ்தர், எங்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்த அவள் தம்பி சாமுவேல். அப்போது சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசாணி, யாரும் வேண்டாம் என்ற தன் கண்ணாடி மீன்தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

மீன் எல்லாரும் வளர்ப்பார்கள். நான் வைகையில் தேங்கிக் கிடந்த குட்டையில் துண்டால் அரித்து இறால் பிடித்துவந்தேன். பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி. உடம்பு கண்ணாடி மாதிரி, தின்றது உள்ளே போவது தெரியும். ஆற்றுமணல், பாசி, ஒளிந்துகொள்ள உடைந்த ஓடு என்று குடித்தனம் அமைத்துக் கொடுத்தேன். (அதே வாரம் அடுப்பங்கரையில் ஒரு பலகை அடித்துத் தர எனக்கு நேரமில்லை என்பதை எஸ்தர் இன்னும் சொல்கிறாள்.) இரண்டு பெண் இறால்களின் வயிற்றுக்கடியில் கரும்பச்சையாக முட்டைகள் ஒட்டியிருந்தன. வம்சம் பெருகப் போகிறது என்று காத்திருந்தேன்.

சாமுவேல் தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தான்.

"அத்தான், சின்ன வெங்காயம் மட்டுந்தான் கொறையுது."

அதை நான் மனசில் வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் மாற்றிய மறுநாள் எண்ணினால், பத்தொன்பது. திரும்ப எண்ணினேன், பத்தொன்பதேதான். புதிதாக வந்த ஏழும் தாய் தகப்பன் பருமனில் இருந்தனவே, அது உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். உறுத்தவில்லை. சில அசையாமல் பாசியில் சாய்ந்து கிடந்தன. பிள்ளை பெற்றவை சாய்ந்துதானே கிடக்கும்? பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்களுக்கும் கல்கண்டு கொடுத்தேன். தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் காலை, பதினான்கு.

அன்று பார்த்து எழுமலையிலிருந்து மாமனார் வந்திருந்தார். மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். சாமுவேல் ஏப்பம் விட்டான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"சாமுவேல், அஞ்சு எங்கே?"

"என்ன அஞ்சு, அத்தான்?"

"எறா."

"இன்னைக்குக் கத்திரிக்கா கொழம்புதானே."

"தொட்டியில அஞ்சு கொறையுது. தொட்டியப் பாத்து வெங்காயத்த நெனச்ச ஆள் இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான்."

மாமனார் குறுக்கிட்டார். "இருங்க மாப்ள. அஞ்சையும் சேத்தா எம்புட்டு இருக்கும்? ஒரு சுண்டைக்கா இருக்குமா?"

"இருக்காது மாமா. ஆனா கணக்குன்னா கணக்குதான்."

எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந் தம்பி பச்சையாவா தின்னான்? அடுப்பு எங்கிட்டத்தான இருக்கு. அப்ப நானும் கூட்டுக் களவாணியா?"

இந்த இடத்தில் நான் உடனே 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இன்றுவரை எல்லாரும் சொல்கிறார்கள். நான் யோசித்தேன். ஒரு சாத்தியத்தை யோசிக்காமல் தள்ளிவிடுவது கணக்கு வாத்தியாருக்கு அழகல்ல. அந்த யோசனை கொஞ்சம் நீண்டுவிட்டது.

சாயங்கால உசிலம்பட்டி பஸ்ஸுக்கு மூவரும் கிளம்பிவிட்டார்கள். எஸ்தர் வாசலில் நின்றாள். "ஒங்க எறாக்களோட நல்லாருங்க. வாரேன்னு சொல்லமாட்டேன். போறேன்."

எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று சொல்லவே மாட்டார்கள். அந்த வாரம் முழுக்க நானே வடித்த குழைந்த சோற்றைத் தின்றுகொண்டு, அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொட்டியில் இன்னும் ஒன்று குறைந்து பதின்மூன்று ஆயிற்று. சாமுவேல் எழுமலையில் இருந்துகொண்டே எப்படித் தின்கிறான் என்று ஒரு நாள் யோசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஓர் இறால் வில்லாக வளைந்தது. கழுத்துக்குப் பின்னால் பிளந்தது. ஒரே துள்ளலில் தனக்குள்ளிருந்து தானே வெளியே வந்து, ஓட்டுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அது இருந்த இடத்தில் இன்னோர் இறால் நின்றது: கால், மீசை, கண் எல்லாவற்றோடும். பாம்பு உரிப்பது போல முழுச் சட்டை. சற்று நேரத்தில் வேறொன்று வந்து சாவகாசமாக அந்தச் சட்டையைத் தின்ன ஆரம்பித்தது. தொட்டியில் உயிருள்ளவை பன்னிரண்டு. என்றைக்கும் பன்னிரண்டுதான்.

மிச்சமிருந்த ஒரு சட்டையை மருந்து பாட்டிலில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு மறுநாள் எழுமலை போனேன்.

மாமனார் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "கண்ணு இருக்கே, மாப்ள."

"கண்ணுக்கும் சட்டை உண்டு மாமா."

"மீசை?"

"மீசைக்கும்தான்."

உள்ளேயிருந்து எஸ்தர் குரல் வந்தது. "ஏழு கந்தையப் புள்ளைனு எண்ணி ஊருக்கே கல்கண்டு குடுத்திருக்காரு."

நான் சாமுவேலிடம் சொன்னேன்: "அன்னைக்கு இருந்த சாட்சியத்துக்கு உன்னச் சந்தேகப்பட்டது முறைதான். ஆனா, சாட்சியத்த எறா தின்னுருச்சு."

"அத்தான், இது மன்னிப்பா?"

"பாதி."

"மீதியையும் சொல்லச் சொல்லுடா," என்றாள் எஸ்தர். அவள் துணி இன்னும் மூட்டை கட்டப்படாமல் கிடந்தது. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது இங்கே தேவையில்லை. தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள். மறுநாள் பஸ்ஸில் எஸ்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

அந்த மாதமே நிஜக் குஞ்சுகள் பொரிந்தன. தூசி மாதிரி, துள்ளும் தூசி. எஸ்தர்தான் முதலில் பார்த்தாள். "எண்ணுனீங்கன்னா எழுமலை பஸ்ஸு," என்றாள். எத்தனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அநியாயத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

சாமுவேல் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டான், அடக்கம் மட்டும் வரவில்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் தன் கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் மாட்டி, "தம்பி, ரெண்டு இலை போடு. நாங்க ரெண்டு பேரு. வேணும்னா அத்தானை எண்ணச் சொல்லு," என்பான். போன மாதம் என் பேத்தி கல்யாணத்தில் பரிமாறுகிறவன் நிஜமாகவே கோட்டுக்கு இலை போட்டு, பாயசம் வரை பரிமாறிவிட்டான். சாமுவேல் தன் இலையை முடித்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து கோட்டின் இலையையும் தின்றான்.

வந்த ஆள் ஒன்று, எச்சில் இலை இரண்டு. அதைக் கேட்க நான் வாயைத் திறந்தேன். எஸ்தர் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.