வடை விலக்கு வலயம்

பசியை ஒழித்த அரசுகளைப் பற்றி வரலாறு நிறையப் பேசும். பசித்தவனின் கண்ணெதிரேயிருந்து வடையை ஒழித்த நிர்வாகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: ரொறன்ரோவின் 'வீதியோர வாழ்வு மேம்பாட்டு அலுவலகம்'. இந்தச் சாதனையை எல்லோருக்கும் முந்தி அறியும் பாக்கியம் மல்வேர்ன் பகுதியில் வடை வண்டில் வைத்திருக்கும் ஜெயமலருக்குக் கிடைத்தது. பாக்கியம் தபாலில் வந்தது.

'மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்' என்று கடிதம் தொடங்கியது. மகிழ்ச்சி யாருடையது என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. வருகிற சனிக்கிழமை 'சிறு வியாபாரிகளைக் காப்போம்' நெடுந்தூரச் சைக்கிள் சவாரி. மல்வேர்னிலிருந்து விட்பி, விட்பியிலிருந்து மல்வேர்ன், எழுபது கிலோமீற்றர். பாதையின் இருபுறமும் ஐம்பது மீற்றருக்குள் சிறு வியாபாரிகள் எவரும் நின்றோ, கதிரையில் இருந்தோ, மேசை வைத்தோ விற்கக்கூடாது. சைக்கிளோடிகளின் கவனம் சிதறும்.

கடிதத்தோடு ஒரு சுவரொட்டியும் இருந்தது. அதில் வடைத் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்றவள் ஜெயமலரேதான். சித்திரையில் அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டை கமராவோடு வந்து, "சிரியுங்கோ அன்ரி" என்று எடுத்துக்கொண்டு போன படம்.

ஜெயமலருக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. முதலாவது, வண்டில் குடையின் நிழல் நடைபாதையில் ஆறு அங்குலம் விழுந்ததற்கு. இரண்டாவது, குடையைக் கழற்றிவிட்டு வெயிலில் உணவு வைத்ததற்கு. மூன்றாவது வந்தால் பெர்மிட் போய்விடும். கணவர் நவரட்ணத்தின் முதுகு தொழிற்சாலையோடு கோபித்துக்கொண்டு நாலு வருடம். அன்று தொடக்கம் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டிலால்தான்.

ஆகவே அவள் 'கலந்தாய்வுக் கூட்ட'த்துக்குப் போனாள். அலுவலகத்தின் சார்பில் வந்திருந்தவன் அகஸ்ரின் என்ற உத்தியோகத்தன். தமிழ்ப் பிள்ளை, பணிவானவன், செம்மஞ்சள் மேலங்கி போட்டவன்.

"தம்பி, என்ர பெர்மிட்டில இடம் எழுதிக் கிடக்கு. பார்."

"ஓம் அன்ரி. ஆனா சனிக்கிழமை அந்த இடம் இராது."

"இடம் எங்க போகப்போகுது?"

"இடம் அங்கதான் நிக்கும். நீங்கள்தான் போகவேணும்."

"ஐம்பது மீற்றர் பின்னுக்குப் போறன். பின்னுக்குப் பல் டொக்டரின்ர சுவர். சுவருக்குள்ளால போகலாமோ?"

"சுவருக்கு வேற டிப்பார்ட்மென்ட்."

"அப்ப அண்டைக்கு வீட்டில படுக்கிறன்."

அகஸ்ரின் பதறிப்போனான். "ஐயோ, அப்பிடிச் செய்து போடாதேங்கோ! சீசனில ஒரு சனிக்கிழமை விக்காட்டிலும் பெர்மிட் தானா ரத்தாகும். பின்பக்கம் சின்ன எழுத்தில இருக்கு."

"வித்தாலும் போகும், விக்காட்டிலும் போகும். அப்ப நான் என்ன செய்யிறது?"

"நல்ல கேள்வி. கேள்வி நேரத்தில கேட்டிருக்கலாம்."

"இது என்ன நேரம்?"

"இது நன்றியுரை."

ஜெயமலர் சுவரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். "உதில நிக்கிறது ஆர்?"

"நீங்கள்தான். நல்ல வடிவா இருக்கிறியள். படம் நிக்கலாம் அன்ரி. ஆள்தான் நிக்கேலாது."

வீட்டுக்கு வந்து கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். நின்று. இருந்து. மேசை வைத்து. பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஓடிக்கொண்டு விக்கக்கூடாது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

"என்னத்தில ஓடுறது?"

"சைக்கிளில. நானும் சவாரிக்குப் பேர் குடுக்கப்போறன்."

"உன்ர முழங்காலிட்டைக் கேட்டனியோ?"

"முழங்காலுக்கு வேற டிப்பார்ட்மென்ட்."

பயிற்சி இல்லாதவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஹாண்டிலில் இரண்டு வாளி, கரியரில் ஒரு மூட்டையோடு இராணுவச் சென்றிகளைத் தாண்டியவள். தடைசெய்த சாமான்களின் பட்டியல் இன்னும் அவளுக்குப் பாடம்: பற்றறி, சவர்க்காரம், சீமெந்து, பசளை. அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குக்கூட வடையைச் சேர்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. அவர்களிடம் ரொறன்ரோவின் தொலைநோக்கு இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை கொண்டைக்கு மேல் ஹெல்மெற், சுடிதாருக்கு மேல் இலவச ரீசேட், ரீசேட்டில் அவளுடைய படம். இலக்கம் 401. ஹாண்டிலில் ஒரு வாளி கடலை வடை, மறுபக்கம் மோர்ப் போத்தல்கள், கரியரில் காசு போட வெறும் வாளி. 'வீதிகள் மூடப்படமாட்டா. அனைவரும் போக்குவரத்து விதிகளை மதிக்கவும்' என்று ஒலிபெருக்கி சொன்னது. ஜெயமலர் மதித்தாள்.

தொடக்கத்தில் எல்லோரும் அவளை முந்தினார்கள். பிறகு அலுவலகத்தின் 'சக்தி நிலையம்' வந்தது. அங்கே ஆளுக்கொரு பையில் பச்சையாக ஒரு பசை கொடுத்தார்கள்.

"உது பல்லுக்குப் பூசுறதோ, விழுங்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார். கொடுத்தவருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் மணந்தன. அதன்பின் நடந்தது சைக்கிள் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் எழுதவேண்டியது: நானூறு பேரும் பின்தங்குவதற்குப் போட்டி போட்டார்கள்.

"அன்ரி, டூ வடை ப்ளீஸ்! கொஞ்சம் ஸ்லோ டவுன் பண்ணுங்கோ!" என்று துர்க்கா என்ற பிள்ளை பின்னாலிருந்து கத்தினாள்.

"நிப்பாட்டேலாது பிள்ளை, சட்டம்! நீ எட்டி மிதி!"

கண்காணிப்புக்காக அகஸ்ரினும் சைக்கிளில்தான் வந்தான். ஒரு கையில் ஹாண்டில், மறு கையில் போன். "மேடம், அவ நிக்கேல்லை... ஓம், இருக்கிறா... சீற்றில." பிறகு பக்கத்தில் வந்தான். "அன்ரி, சைக்கிள் சீற் கதிரையோ எண்டு மேலிடத்தில ஆராயினம். உபகுழு போட்டிருக்கு."

"ஆராயட்டும். அதுக்கிடையில நான் விட்பிக்குப் போட்டு வாறன்."

போனாள். வந்தாள். பின்னேரம் நாலு மணிக்கு மல்வேர்னின் கடைசிச் சந்தி தெரிந்தது. அதைத் தாண்டினால் முடிவுக் கோடு. வாளியில் ஒரே ஒரு வடை மிச்சம். பெர்மிட்டும் பத்திரமாக இருந்தது.

விளக்குச் சிவந்தது.

சட்டத்தை மதிக்கிறவள் பிறேக்கைப் பிடித்து, இடது காலை ஊன்றினாள். பக்கத்தில் அகஸ்ரின் வந்து நின்றான். காலையிலிருந்து அவன் வயிற்றுக்குள் போனது அந்தப் பச்சைப் பசை மட்டும்தான். முகம் வாடி, உதடு காய்ந்திருந்தது.

"அன்ரி... ஒண்டு இருக்கோ?"

பசித்த கை நீண்டால் ஜெயமலரின் கை யோசிக்காது. கொடுத்துவிட்டாள். அவன் காசை வலுக்கட்டாயமாகக் கரியர் வாளியில் போட்டான். உத்தியோகத்தர் சும்மா வாங்கினால் அது லஞ்சம். அவன் நேர்மையானவன். கடைசித் துகள்வரை சாப்பிட்டான், விரலை மேலங்கியில் துடைத்தான், எச்சரிக்கைப் புத்தகத்தை எடுத்தான்.

"என்ன எழுதுறாய் தம்பி?"

"நிண்டு வித்தது."

"சிவப்பு லைற்றடா!"

"ஓம் அன்ரி, நிக்கத்தான் வேணும். நிக்காட்டில் அது பொலிஸ் கேஸ். நிண்டால் எங்கட கேஸ்."

"தின்னது நீயெல்லோ!"

"அதாலதான் சாட்சிக்கு அலையத் தேவையில்லை. நல்ல வடை அன்ரி. அதையும் எழுதியிருக்கிறன்."

விளக்குப் பச்சையானது. மூன்றாவது எச்சரிக்கை கைக்கு வந்தது.

இரண்டு கிழமையில் இன்னொரு கடிதம், இன்னும் அதிக மகிழ்ச்சியுடன். சவாரி மாபெரும் வெற்றி. சிறு வியாபாரிகள் காக்கப்பட்டுவிட்டார்கள். பெர்மிட் ரத்தாகிவிட்டது. 'உங்கள் சேவையைக் கௌரவித்து, உங்கள் இடத்திலேயே ஒரு நினைவுச் சின்னம் நிறுவியுள்ளோம்.'

ஜெயமலர் பஸ் எடுத்துப் பார்க்கப் போனாள். வண்டில் நின்ற இடத்தில் ஆளுயரத் தகட்டில் அவள் நின்றாள். கையில் தட்டு, தட்டில் வடை, தலைக்கு மேல் குடை. குடையின் நிழல் நடைபாதையில் அகலமாக விழுந்திருந்தது. காலடியில் புதிய பெர்மிட் ஒட்டியிருந்தது. முடிவுத் திகதி இல்லை. எதிரே ஒரு சைக்கிள்காரப் பொடியன் தகட்டு வடையைப் பார்த்து எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றான்.

அவள் கிட்டப் போய்த் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் பணிவான ஒரு குரல் கேட்டது. அகஸ்ரின்தான்.

"அன்ரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. சிறு வியாபாரியை மறைக்கிறியள்."