பாப்பாயி வீட்டு உறைமோர்

பஸ் கொள்ளேகால் தாண்டியதும் முனிராஜ் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான். கண்ணாடிக் குழாயில் இருந்த தயிர் குளிரில் விறைத்துக் கல்லாகக் கிடந்தது.

மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவன் தற்காலிக அட்டெண்டர். ஹனூர் பக்கம் போயிருந்த டாக்டர் சுசித்ரா, பாப்பாயி என்ற விவசாயி வீட்டில் மோர் குடித்தார். ஐந்து நாளானாலும் புளிக்காத தயிராம். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டிலேயே வாழும் பாக்டீரியாவாக இருக்கும் என்று அசந்துபோனார். அன்றிலிருந்து கேண்டீன் லீலா கொடுக்கும் மோரை அவர் தொடுவதே இல்லை.

அந்த பாக்டீரியாவை உயிரோடு கொண்டுவருவது முனிராஜின் பொறுப்பு. முதல் முறை பெட்டியைப் பஸ் என்ஜின் மேல் வைத்து வேகவைத்துவிட்டான். இரண்டாம் முறை, சுத்தமாக இருக்கட்டும் என்று குழாயைக் கிருமிநாசினியால் கழுவிவிட்டு ஊற்றினான். மூன்றாவதும் செத்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று டாக்டர் சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

மூன்றாம் முறையாக நேற்றே போயும், வெள்ளிக்கிழமை உறைமோர் வெளியே தரமாட்டேன் என்று பாப்பாயி மறுத்துவிட்டதால், ஊரிலேயே தங்கி இன்று காலை வாங்கினான்.

"பாத்துக் கொண்டு போங்க. உசுரிருக்கற பொருளுங்க," என்றாள் அவள்.

வெயிலுக்குப் பயந்து அவன் ஐஸ் கட்டிகளை அள்ளி அடுக்கியதில்தான் தயிர் இப்படிக் கல்லாகிவிட்டது. குழாயை எடுத்துச் சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டான். ஒரு சொட்டில் கோடி உயிர் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மைசூரைப்போலப் பல மடங்கு ஜனம் தன் அக்குளில் குளிர்காய்கிறது என்று நினைத்ததும் அவனுக்கு மெய்சிலிர்த்தது. மூச்சைக்கூட மெதுவாகவே விட்டான்.

நரசிபுரத்தில் கூட்டம் ஏறியது. பலாப்பழத்தோடு ஒருவர் அவன்மேல் சாய, மூடி கழன்றுகொண்டது. அத்தனை ஜனமும் பனியனில் குடியேறியது. குழாயில் மிஞ்சியது அரை ஸ்பூன்.

பதறி இறங்கியவன் டீக்கடைக்கு ஓடினான். காய்ச்சி ஆறிய பாலை வெதுவெதுப்பாக ஒரு புது பாட்டிலில் ஊற்றித் தரச் சொன்னான்.

"குழந்தைக்கா?" என்று கேட்டார் டீ மாஸ்டர்.

"ஆமாங்க. கோடிக் குழந்தைங்க."

அரை ஸ்பூனை அதில் கொட்டி, பாட்டிலைத் துண்டில் சுற்றி, மைசூர் வரை நெஞ்சோடு அணைத்தபடி வந்தான்.

டாக்டர் பாட்டிலைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "சாம்பிள் கொண்டுவரச் சொன்னா, உறை ஊத்திக் கொண்டுவந்திருக்கியே முனிராஜ்."

"பசியில செத்துடக்கூடாதுன்னுதான் பால் ஊத்தினேன் மேடம்."

வேலை போயிற்று என்றே நினைத்தான். திங்கட்கிழமை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மேசையில், அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்து பாக்டீரியா வளர்த்த வட்டத் தட்டுகள். அவற்றில் வானத்து நட்சத்திரம்போல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் பிழைத்த ஒற்றை உயிரின் வம்சம் என்றார் டாக்டர். முனிராஜ் குனிந்து பார்த்தான். ஐஸில் விறைத்து, அக்குளில் புழுங்கி, பலாப்பழத்திடம் இடிபட்டும் இவை சாகவில்லை. தன்னையறியாமல் கைகூப்பினான். டாக்டரின் கண்ணும் கலங்கியிருந்தது.

"எத்தனை தலைமுறைச் சொத்தோ! இதுக்குப் பாப்பாயின்னே பேர் வைக்கப்போறேன்."

மோர் டம்ளரோடு வந்து நின்ற லீலா தட்டுகளை எட்டிப் பார்த்தாள்.

"ஹனூர் பாப்பாயக்காவா மேடம்? ஊருல எங்க பக்கத்து வூடுதான். போன தையில அக்காவோட உறை கெட்டுப்போச்சுன்னு, நாந்தான் நம்ம கேண்டீன் மோரை ஒரு தூக்குல ஊத்திப் பஸ்ல கொண்டுபோய்க் குடுத்தேன்."