மூக்கில் ஒட்டிய தங்கம்

மாதாவுக்குச் சேர வேண்டிய தங்கத்தை என் மூக்கில் ஒட்டிக்கொண்டவன் நான். (வேண்டுமென்று இல்லை.)

எங்கள் ரங்கூனில் பக்தி என்றால் தொட வேண்டும். காகிதத்தைவிட மெல்லிய தங்க ரேக்கை ஒட்டி ஒட்டியே புத்தரின் முகம் மறைந்துபோனாலும் எங்களுக்குத் திருப்திதான். பகோடா என்கிற புத்தர் கோயில்கள் பலவற்றில் அந்த வேலை ஆண்களுக்கு மட்டும். பெண்கள் தள்ளி நின்று கும்பிடுவார்கள். அதனால் நான் கப்பல் வேலைக்குக் கிளம்பியபோது, என் மனைவி செல்வி ஒரு பொட்டலம் ரேக்கை என் சட்டைப்பையில் வைத்தாள். இரண்டு முறை கரு கலைந்து, அப்போது மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள்.

"இத்தாலில பெரிய மாதா கோயில்லாம் இருக்காம்ங்க. இந்தப் புள்ள தங்கணும்னு வேண்டிருக்கேன். நீங்களே ஒங்க கையால ஒட்டிட்டு வாங்க."

இத்தாலித் துறைமுகத்தில் அரைநாள் விடுப்பு கிடைத்தது. ஒரு பழைய தேவாலயத்தைக் கண்டுபிடித்து, வாசலில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் பூட்ஸோடு நுழைந்தார்கள். பாவம், சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு சிறு ஜெபக்கூடம். தரையிலிருந்து கூரைவரை சுவரோவியம். மறுமலர்ச்சிக் காலத்தது என்று பலகை சொன்னது. குழந்தையை அணைத்தபடி மாதா நின்றாள். அவளுடைய நீல அங்கியில் வண்ணம் உதிர்ந்து காரை தெரிந்தது. இத்தனை நூறு வருடங்களில் ஒருவருமா ரேக்கு ஒட்டவில்லை! எனக்கு மனசு கேட்கவில்லை. தடுப்புக் கயிற்றைத் தாண்டி, ரேக்கை விரலில் ஏந்திக் கையை நீட்டினேன்.

அலாரம் அலறியது. காவலுக்கு இருந்த அம்மாள், "நோ! நோ!" என்று ஓடிவந்தாள். பதற்றத்தில் முகத்து வேர்வையைத் துடைத்தேன். அவள் டார்ச் அடித்துச் சுவரை அங்குலம் அங்குலமாகச் சோதித்தாள். பிறகு வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள். தங்கம் என் மூக்கில் இருந்தது.

போலீஸைக் கூப்பிடுவாளோ என்று கைப்பேசியில் வயிற்றைத் தாங்கி நின்ற செல்வியின் படத்தைக் காட்டி, "பேபி, பேபி" என்றேன். காவல்கார அம்மாள் படத்தைப் பார்த்தாள். என்னைக் கூட்டிப்போய், செல்விக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். எங்கள் ஆட்கள் தொட்டுத் தொட்டுக் காட்டும் அன்பை, இவர்கள் தொடாமல் காப்பாற்றிக் காட்டுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

கப்பலுக்குத் திரும்பியதும் செல்வியை அழைத்தேன்.

"ஒட்டுனீங்களா?"

"ஒட்டுச்சு... என் மூக்குல."

அழப்போகிறாள் என்று பயந்தேன். சிரித்தாள். கருவுற்ற நாளிலிருந்து அவள் சிரித்துக் கேட்டதே இல்லை. "அப்ப மாதா ஒங்க மூக்குலயே வாங்கிக்கிச்சு போங்க!"

மகளுக்கு இப்போது ஏழு வயது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பகோடாவுக்கு வாங்கும் ரேக்கில் ஒன்றை எடுத்து, என் மடியில் ஏறி மூக்கில் ஒட்டுவாள். உடனே அலாரம் போல அவளே அலறுவாள். சமையலறையிலிருந்து செல்வி, "நோ! நோ!" என்று கரண்டியோடு ஓடிவருவாள். நான் சுவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.